ஒரு ‘டபிள்யூ’வில தொங்கும் தமிழ்

எங்கட ஊர் வாசிகசாலைக்கு ஒரு புத்தகப் பட்டியல் செய்து குடுத்தேன். பழைய கணினி, அதில லினக்ஸ். வரைகலை எல்லாம் தாங்காது. அதால டெர்மினலுக்குள்ளேயே பெட்டியும் மெனுவும் வரைகிற ‘என்கர்சஸ்’ நிரலகத்தை எடுத்தேன். ஆங்கிலத் தலைப்புகள் வடிவாக வந்தன. தமிழ்த் தலைப்புகள் முழுக்கக் குப்பை. ரெண்டு நாள் எழுத்துருவைத்தான் திட்டினேன். கடைசியில பார்த்தால் பிழை என்னுடையது: ‘என்கர்சஸ்டபிள்யூ’வை இணைக்க வேண்டிய இடத்தில வெறும் ‘என்கர்சஸ்’ஸை இணைத்திருக்கிறேன்.

ஒரு எழுத்தில என்ன இருக்கு? நிறைய இருக்கு. டபிள்யூ இல்லாத வடிவம் ஒரு பைட்டை ஒரு எழுத்தாக எண்ணும். ஆங்கிலத்துக்கு அது போதும். யூடிஎஃப்-8இல தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘அம்மா’ என்றால் 5 குறியீடு, 15 பைட். அந்த நிரலகத்துக்கு அம்மா 15 எழுத்து! பிறகு பெட்டி எப்படி நேராக நிற்கும்?

இதில பொதி கட்டுகிறவருடைய முடிவு பெரியது. மூல நிரல் ஒன்றுதான். எந்த வடிவமாகக் கட்டுவது என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். டெபியனில ரெண்டும் தனித்தனிப் பொதிகள். ஆர்ச்சில டபிள்யூ வடிவம் மட்டும்தான். பழைய பெயரைக் கேட்டாலும் அதுவே கிடைக்கும். டெபியன் வழியிலும் நியாயம் இருக்கு. ரெண்டு வடிவத்துக்கும் உள்ளமைப்பு வேறு, பழைய வடிவத்தோடு கட்டிய நிரல்கள் அதைத்தான் தேடும். ஆனாலும் என்னைக் கேட்டால் ஆர்ச் செய்ததுதான் சரி. தெரியாமல் கை வைக்கிறவனுக்கும் அவன்ர மொழி உடையாமல் வர வேணும்.

கணினித் தமிழ் என்றதும் நாங்கள் கலைச்சொல்லுக்குச் சண்டை பிடிக்கிறம், மெனுவை மொழிபெயர்க்கிறம். நல்லது, தேவை. ஆனால் அந்தச் சொல் திரையில ஒழுங்காக நிற்குமா என்று பார்க்கிற ஆட்கள் எங்களுக்குள்ள குறைவு. டபிள்யூ வந்தாலும் வேலை முடியாது. கொம்புக்கும் அரவுக்கும் எத்தனை இடம் என்பதில டெர்மினலுக்கு டெர்மினல் இன்னும் வித்தியாசம் இருக்கு. அதைக் கண்டு வழு அறிக்கை எழுத தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆள்தான் வேணும்.

அடுத்த முறை டெர்மினலைத் திறந்தால் உங்கட பெயரைத் தமிழில அடித்துப் பாருங்கோ. உடைந்தால் பேசாமல் மூடிவிட்டுப் போகாதீங்கோ. எழுதிப் போடுங்கோ.