எண் வந்தது, அளவு வந்ததா?

அடையாற்றின் கரையில் வாழ்வோர்க்குச் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்மட்டம் வெறும் நாளிதழ்ச் செய்தியன்று. பூந்தமல்லியை அடுத்துள்ள இவ்வேரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. 2015 டிசம்பர் 1 அன்று பெய்த பெருமழையின்போது இங்கிருந்து நொடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. லிட்டரில் கணக்கிட்டால் நொடிக்கு எட்டு இலட்சத்துக்கும் மேல். அத்தகைய இரவில் ஏரியில் எவ்வளவு நீர் உள்ளது, எவ்வளவு வருகிறது என்னும் எண்கள் உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்வதைப் பொறுத்தே உயிர்கள் பிழைக்கின்றன.

ஏரியைக் கண்காணிப்பது நமக்குப் புதிதன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. மதகருகே நட்ட அளவுகோலை நேரில் சென்று பார்த்துக் குறிப்பேட்டில் எழுதும் பணியை இன்று உணரியும் கணினியும் செய்ய இயலும். நீர்மட்ட உணரியை வலையமைப்பில் இணைத்தால் அதற்கும் ஒரு முகவரி அமைகிறது. நாம் எழுதும் நிரல் அம்முகவரியை அழைத்து, குறிப்பிட்ட பதிவகத்தில் உள்ளதைத் தருமாறு கேட்கும், கருவி விடையளிக்கும். தொழிற்சாலைக் கருவிகளுக்காக 1979இல் உருவான மோட்பஸ் என்னும் நெறிமுறை இப்பணியில் இன்றும் பரவலாக வழங்குகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஓர் உலையின் வெப்பநிலையைப் படிப்பதற்கும் ஏரியின் நீர்மட்டத்தைப் படிப்பதற்கும் கேட்கும் முறை ஒன்றாகவே இருக்கலாம். பைத்தான் மொழியில் இதற்குப் பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். திரையில் ஓர் எண் தோன்றியதும் கற்பவரும் கற்பிப்பவரும் மகிழ்ந்துவிடுகின்றனர். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

ஒரு பதிவகம் 16 பிட் அளவுடையது. குறியற்ற முழு எண்ணாகக் கொண்டால் 0 முதல் 65,535 வரை ஏதேனும் ஓர் எண் வரும். வந்தது 640 எனில், அது சென்டிமீட்டரா, அடியில் நூறில் ஒரு பங்கா என்பதைக் கருவியின் கையேட்டைப் படித்தவரே அறிவார். முன்னதாயின் ஏரியில் 21 அடி நீர். பின்னதாயின் ஏழு அடிக்கும் குறைவு. குறை எண்களைக் கருதாமல் எழுதிய நிரலுக்கு −1 என்பது 65,535 ஆகத் தெரியும். அடி என்று அறிந்த பின்னும், எங்கிருந்து அளந்த அடி என்ற கேள்வி எஞ்சுகிறது. செம்பரம்பாக்கம் நிரம்பிய நிலையை 24 அடி என்றும் சொல்வர், கடல்மட்டத்திலிருந்து 85.4 அடி என்றும் சொல்வர். இரண்டும் ஒரே நீரைத்தான் குறிக்கின்றன.

நேரமும் அப்படியே. வானிலைத் துறை ஒரு நாளின் மழையைக் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை கணக்கிடுகிறது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. அதனை நள்ளிரவில் இரண்டாகப் பிரிக்கும் நிரல், ஒரே பெருமழையை இரு நாள் மழையாக்கி அதன் கடுமையை மறைத்துவிடும்.

இவற்றினும் நான் அஞ்சுவது கருவியின் மௌனத்தை. அடைமழையில் மின்சாரம் நிற்கும், தொலைத்தொடர்பு அறும். 2015இல் சென்னை இதனை நேரில் கண்டது. கருவி மிகவும் தேவைப்படும் நேரமே அது பேசாமற் போகும் நேரமாகவும் அமைகிறது. விடை வராதபோது என்ன செய்வது என்பதை நிரலர் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். சிலர் சுழியம் என்று எழுதிவிடுவர். அஃது அவ்வளவு தீங்கன்று. நிறைந்த ஏரி நொடியில் வறண்டது என்றால் எவரும் நம்பார். கடைசியாக வந்த எண்ணையே திரும்பத் திரும்பக் காட்டும் நிரல்தான் கொடியது. நீர் ஏறிக்கொண்டிருக்க, திரையில் அது அசையாமல் நிற்கும். பார்ப்பவர்க்கு ஐயமே எழாது.

இதனால் கருவிகளே வேண்டா என்பாரும் உளர். அதனை நான் ஏற்கவில்லை. கொட்டும் மழையில், நள்ளிரவில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரைமீது சென்று அளவுகோலைப் பார்க்குமாறு ஒருவரை ஏவுவது அறமாகாது. உணரி அதனைச் சலியாமல் செய்யும். ஆயினும் அளவுகோலை அகற்றிவிடலாகாது. ஒவ்வோர் எண்ணும் தன் அலகு, தொடக்கப் புள்ளி, எடுத்த நேரம் ஆகியவற்றுடனேயே சேமிக்கப்பட வேண்டும். விடை வராவிடில் வரவில்லை என்றே எழுத வேண்டும். இதற்கு நிரலில் மேலும் நான்கைந்து வரிகள் ஆகலாம்.

திரையில் '21 அடி' என்று மட்டும் இருந்தால் இரவுப் பணியாளர் நாற்காலியிலேயே அமர்ந்திருப்பார். '21 அடி, இரவு 9.10 மணி, அதன்பின் விடையில்லை' என்றிருந்தால் கைவிளக்கை எடுத்துக்கொண்டு மதகை நோக்கிப் புறப்படுவார்.