சென்னையில் இடமில்லை என்று யார் அளந்தது?

"சென்னை நிரம்பிவிட்டது, இனி வெளியேதான் போக வேண்டும்." மனை விற்பவரும் சொல்கிறார், டீக்கடையிலும் இதே பேச்சு. அளந்து பார்த்தவர் யார் என்று கேட்டால்தான் பதில் வராது. அண்ணா சாலை நெரிசலில் சிக்கியவருக்கு ஊர் நிரம்பியதாகத்தான் தோன்றும். சாலையில் வண்டி நிறைந்திருப்பது வேறு, வீடு கட்ட மனை இல்லாமல் போவது வேறு.

மேற்கு மாம்பலத்தில் ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. பழைய ஓட்டு வீடு. முன்கட்டில் வயதான தம்பதி, பின்கட்டு பூட்டிக் கிடக்கிறது. 2019 கட்டட விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2. அதாவது மனையைப் போல இரு மடங்கு தளப்பரப்பு, 4,800 சதுர அடி கட்டலாம். படிக்கட்டு, பொதுவழி போக, 800 சதுர அடியில் ஐந்து வீடு தேறும்.

உடனே இந்த ஐந்தைத் தெருவிலுள்ள மனைகளால் பெருக்கி, ஊருக்குள் இன்னொரு சென்னையே அடங்கும் என்று சிலர் கிளம்புவார்கள். அதுவும் புரட்டு. அந்த மனைமீது அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு நடந்தால் ஒரு செங்கல் வைக்க முடியாது. மயிலாப்பூரில் பல வீடுகளின் அடிமனை கோயிலுக்குச் சொந்தம். பத்தடிச் சந்தில் தீயணைப்பு வண்டி நுழையாது. இரண்டு குடும்பத்துக்குப் போட்ட கழிவுநீர்க் குழாயில் பத்துக் குடும்பத்தை இணைத்தால் தெருவில்தான் பொங்கும். இவ்வளவையும் கழித்து மிஞ்சுகிற எண்தான் ஊரின் கொள்ளளவு. பூட்டிய வீடுகளையும் அதில் சேர்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகளே சுமார் 1.1 கோடி.

இந்த எண்ணைக் காட்டாமலேதான் முடிவுகள் எடுக்கிறார்கள். 1,189 சதுர கி.மீ. ஆக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 2022-இல் அரக்கோணம் வரை இழுத்து 5,904 ஆக்கினார்கள். கூவம், அடையாற்றுக் கரைகளில் குடியிருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றினார்கள். கரையைவிட்டு நகர்த்த வேண்டியிருந்தது, சரி. ஆனால் பக்கத்து வார்டுக்கு இல்லாமல் ஏன் 20 கி.மீ. தள்ளி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்துக்கு? மயிலாப்பூரில் வீட்டுவேலை செய்தவர் விடியலில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், இல்லையேல் வேலையை விட வேண்டும். ஐ.டி. சாலைப் பக்கம் வேலை கிடைக்குமே என்றார்கள். சொன்னவர்கள் யாரும் அங்கே குடிபோகவில்லை.

இவ்வளவுக்கும், புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பை இடித்துவிட்டு, அதே இடத்தில் அதே வாரியம் 1,900-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியிருக்கிறது. பூச்சு உதிர்ந்த அவலம் தனிக் கதை. இடம் இருந்ததா இல்லையா?

2026 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் பற்றிக் கருத்துக் கேட்டு யார் வந்தாலும், வார்டு வாரியாக இந்தக் கணக்கை முதலில் வெளியிடுங்கள் என்று கேளுங்கள். அது வரும்வரை, இடமில்லை என்று சொல்லி ஒரு குடும்பத்தைக்கூட ஊருக்கு வெளியே ஏற்றிவிட அரசுக்கு அருகதை இல்லை.