புரியும் குண்டும்

பம்பரம் சுழலும் வரையில் ஒற்றைக் காலில் நிமிர்ந்து நிற்கிறது. சுழற்சி தளர்ந்ததும் தலையாடி விழுந்துவிடுகிறது. துப்பாக்கிக் குண்டின் விஷயமும் இதுவேதான். நீண்ட குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது, காற்றானது அதன் மூக்கைப் பிடித்துப் புரட்டிவிடப் பார்க்கிறது. அம்புக்கு வாலில் இறகு உண்டு, குண்டுக்கு இல்லை. ஆகையால் அதைச் சுழற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. குழலின் உட்புறத்தில் திருகாணியைப் போலப் புரிப் பள்ளம் வெட்டியிருப்பது இதற்காகத்தான்.

நம் நாட்டுச் சரித்திரத்திலும் இந்தப் புரிக்கு ஓர் இடம் உண்டு. புரியிட்ட குழலையுடைய என்பீல்டு துப்பாக்கியில், குண்டைக் காகிதத்தில் சுற்றி வாய் வழியாக இடிக்க வேண்டும். அது எளிதில் இறங்குவதற்காகக் காகிதத்தில் கொழுப்புத் தடவினார்கள். தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறக்க வேண்டும் என்பது கட்டளை. அது பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டமில் கிளம்பிற்று. மே 10-ந் தேதி மீரத்தில் மூண்ட தீயை நேயர்கள் அறிவார்கள். அதற்கு வேறு காரணங்களும் பல உண்டு என்பதில் சந்தேகமில்லை.

அதே 1857-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் வேறொரு பரீட்சை நடந்தது. என்பீல்டு குழலில் குண்டு 78 அங்குலம் சென்றால்தான் ஒரு முறை சுழலும். மான்செஸ்டர் நகரத்து இயந்திர நிபுணர் ஜோஸப் விட்வொர்த் 20 அங்குலத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றும்படி குழல் செய்தார். இரண்டு குண்டுகளும் எடையில் ஒன்றே; ஆனால் விட்வொர்த்தின் குண்டு மெலிந்து நீண்டது. 500 கெஜ தூரத்தில் என்பீல்டு குண்டுகள் சராசரி 2.24 அடி விலகின. விட்வொர்த்தின் குண்டுகள் விலகியதோ 0.37 அடிதான். ஆயினும் விலை அதிகம், குழலில் கரி சீக்கிரம் அடைகிறது என்று சொல்லிப் பட்டாளத்தார் அதை ஏற்கவில்லை.

எந்தக் குண்டுக்கு எவ்வளவு புரி வேண்டும்? வுல்விச் பீரங்கிக் கல்லூரியில் கணிதம் போதித்த கிரீன்ஹில் 1879-இல் இதற்கு ஓர் எளிய வாய்ப்பாடு சொன்னார். குண்டின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும். 0.308 அங்குலக் குண்டு 1.2 அங்குல நீளமிருந்தால், ஏறக்குறைய 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் போதும். நீளம் 1.4 ஆனால் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், கணக்கில் வருவது நீளமே, எடையன்று.

அமெரிக்காவில் வேட்டைக்காரரும் பந்தயக்காரரும் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே நிரப்பிக்கொள்வதுண்டு. மருந்தைக் குன்றிமணி எடைக்கும் நுட்பமாக நிறுத்துப் போட்டாலும், புரிக்கு மிஞ்சிய நீளமுள்ள குண்டை வைத்தால் அவ்வளவு சிரத்தையும் வீண். குண்டு பக்கவாட்டில் புரண்டு போய், இலக்குக் காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித் துவாரம் போட்டுவிடும். குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்ததாகையால் அங்கே இன்னும் அதிகச் சுழற்சி வேண்டும். 1960-களில் அமெரிக்க ராணுவத்தார் தங்கள் புதிய துப்பாக்கியின் புரியை 14 அங்குலத்திலிருந்து 12 அங்குலத்துக்கு நெருக்கியது இதனாலேயே. ஆனால் சுழற்சியை வரம்பின்றிக் கூட்டுவதும் தகாது. குண்டில் சிறு கோணலிருந்தாலும் அது பெரிதாகத் தெரியும். மெல்லிய உறையுள்ள குண்டு வழியிலேயே சிதறியும் போகும்.

இந்தக் கணக்கு இப்போது ஒரு பறவையின் உயிரோடும் சேர்ந்திருக்கிறது. காலிபோர்னியாவின் காண்டார் என்னும் பெருங்கழுகு, 1982-இல் 22 மட்டுமே மிஞ்சியிருந்தது. வேட்டையாடி விட்டுப்போன மிருகங்களின் உடலில் கிடக்கும் ஈயத் துணுக்குகளைத் தின்று அவை விஷமேறி மடிகின்றன. ஆகவே 2019 ஜூலை 1 முதல் அந்த மாகாணத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாதென்று சட்டம் அமலுக்கு வந்தது. அதற்குப் பதிலாக வரும் செம்புக் குண்டு ஈயத்தைவிட இலேசானது. அதே எடைக்கு நீளம் கூடும். பழைய குழலின் புரி அதற்குப் போதாமற் போகலாம். போதாவிட்டால் குறி தவறும். மிருகம் குற்றுயிராய் ஓடி வதைபடும். அப்படியானால் செய்ய வேண்டியது, சட்டத்தைச் சபிப்பதன்று. சற்று எடை குறைந்த, நீளமும் குறைந்த செம்புக் குண்டைத் தேர்ந்தெடுப்பதுதான்.

குழலை மாற்றுவது செலவுள்ள காரியம். குண்டை மாற்றுவது எளிது. தன் குழலில் எத்தனை அங்குலப் புரி என்று அளந்து தெரிந்துகொள்ளாதவன், மருந்தை எவ்வளவு நுட்பமாக நிறுத்துத்தான் என்ன பயன்?