மணி பிளான்ட் மஞ்சளாவது ஏன்?

‘‘வீட்டுக்குள் வைத்திருக்கும் மணி பிளான்ட்டுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். இருந்தும் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. என்ன உரம் போடலாம்? தவழும் பேரன் இருக்கிறான். செடியால் தொந்தரவு வருமா?’’
- வாசகி, கரூர்.

உரம் வேண்டாம், தண்ணீரைக் குறையுங்கள். வெயில் படாத இடத்தில் மண் சீக்கிரம் காயாது, வேர் அழுகிவிடும். விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தொட்டியின் அடியில் துளை அவசியம். வேர் கறுத்துக் குழைந்திருந்தால், நல்ல கொடியைக் கணுவோடு வெட்டித் தண்ணீரில் வையுங்கள். புது வேர் விடும்.

பேரன் விஷயத்தில் கவனம் தேவை. இதன் இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு; சேப்பங்கிழங்கு அரிப்பதும் இதனால்தான். கடித்தால் வாய் எரிந்து வீங்கும். எனவே, எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். தரையில் வைக்க ஸ்பைடர் பிளான்ட், அரிகா பாம் ஏற்றவை.