காற்றுக்கும் எடை உண்டு!

"அம்மா, நீச்சல் குளத்துப் பயிற்சி முடிஞ்சுது. ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரியில கடலுக்குள்ள ஸ்கூபா டைவிங். குளத்தில இடுப்புல 4 கிலோ ஈயம் கட்டினேன், கடல்ல இன்னும் 2 கிலோ கூடக் கட்டணும்" என்று என் பெண் சொன்னதும் எனக்குப் பகீரென்றது.

"ஏண்டி, ஈயத்தைக் கட்டிண்டா கடல்ல குதிப்பே? முழுகிட மாட்டியா?"

சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். ஒரு டம்ளர் தண்ணீரில் முட்டையைப் போட்டாள். அடியில் போய் உட்கார்ந்தது. நாலு மேஜைக்கரண்டி உப்பைக் கொட்டிக் கலக்கினாள். முட்டை மேலே வந்து மிதந்தது!

கடலில் இத்தனை உப்பு கிடையாது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். ஆனாலும் நல்ல தண்ணீர் லிட்டர் 1,000 கிராம் என்றால், கடல் நீர் 1,025 கிராம். ஆளும் சாமான்களுமாக 80 கிலோ இருந்தால், கடல் 2 கிலோ கூடுதலாக மேலே தூக்கும். அதற்குத்தான் அந்த அதிகப்படி ஈயம்.

"முழுகறதைவிட, கடைசியில மிதக்கறதுதாம்மா பயம்" என்றாள்.

நம் வீட்டு காஸ் சிலிண்டர் தீரத் தீர லேசாகிறதல்லவா? அதே கதைதான். 12 லிட்டர் சிலிண்டரில் சுமார் 2,300 லிட்டர் காற்றை அடைக்கிறார்கள். லிட்டருக்கு 1.2 கிராம் வீதம் ஏறக்குறைய இரண்டே முக்கால் கிலோ! முக்கால்வாசி காற்றை மூச்சுவிட்டுத் தீர்த்துத் திரும்பும்போது, ஆள் 2 கிலோ லேசாகிவிடுவார். உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் நிற்க வேண்டும். ஈயம் போதாவிட்டால் நிற்க முடியாது. பந்து மாதிரி மேலே வந்துவிடுவார். அப்போது மூச்சை அடக்கினால், உள்ளே காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடலாம். அதனால் கடைசி நிமிஷத்தைக் கணக்கிட்டே ஈயம் கட்டுகிறார்கள். ஆரம்பத்தில் உள்ள அதிக எடையை, மேலே அணியும் காற்றுச் சட்டை சரிக்கட்டிவிடும்.

நான் பயந்தது இறங்குவதற்கு. பயப்பட வேண்டியதோ ஏறுவதற்கு! "போகாதே" என்று சொல்ல வந்தவள், "மூச்சை மட்டும் அடக்காதேடி" என்று சொல்லி அனுப்பினேன். நல்லபடியாகத் திரும்பினாள்.

உங்கள் பிள்ளைகளும் கிளம்பினால் தடுக்காதீர்கள், சகோதரிகளே. "காத்து தீரும்போதும் நிக்கற அளவுக்கு ஈயம் பார்த்துக் கட்டினாங்களா?" என்று கேளுங்கள். ஆஸ்துமாவோ காது உபத்திரவமோ இருந்தால், டாக்டரைக் கேட்காமல் மட்டும் அனுப்பாதீர்கள்.