முன் ஃபோர்க்கை மாற்றலாம், அளந்து மாற்றுங்கள்

பழைய வெஸ்பாவுக்கு டிஸ்க் பிரேக்கோடு புது முன் ஃபோர்க் போட ஆசைப்படாத ஸ்கூட்டர் பிரியர் குறைவு. கூலாய் வழியாகச் செல்லும் முதலாம் எண் கூட்டரசு சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுகிறவருக்கு, பழைய டிரம் பிரேக் போதாது என்று தோன்றுவதும் நியாயமே. ஆனால் "போல்ட் பொருந்திவிட்டது, வேலை முடிந்தது" என்று நினைப்பதுதான் ஆபத்து.

வெஸ்பா 1946-இல் வந்தது. அதை வடிவமைத்த கொராதீனோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். விமானத்தின் தரையிறங்கு சக்கரம்போல, முன் சக்கரத்தை ஒரே பக்கக் கையில் மாட்டினார். சக்கரத்தைக் கழற்றுவது எளிது. ஆனால் அந்த ஒற்றைக் கை சற்று வளைந்தாலும், அளவு சற்று மாறினாலும் தாங்கிப் பிடிக்க மறுபக்கம் ஒன்றுமில்லை.

இரண்டு அளவுகள் முக்கியம். முதலாவது, டிரெயில். ஸ்டீரிங் தண்டின் கோட்டைக் கீழே நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது தரையைத் தொடும். இந்த இடைவெளிதான் டிரெயில். பேரங்காடித் தள்ளுவண்டியின் சக்கரம் தானாக நேராவதும் இதனால்தான். புது ஃபோர்க்கில் அச்சு 10 மில்லிமீட்டர் முன்னே இருந்தால், டிரெயில் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர் குறையும். மொத்தமே சில சென்டிமீட்டர் என்பதால் இது சிறிய மாற்றமல்ல. வேகத்தில் ஹேண்டில் நடுங்க இடமுண்டு. முன்னால் மட்டும் 8 அங்குலச் சக்கரத்தை 10 அங்குலமாக்கினால், மூக்கு சுமார் 25 மில்லிமீட்டர் உயர்ந்து, ஸ்டீரிங் சாய்வு ஏறத்தாழ 1 டிகிரி மாறும்.

இரண்டாவது, பக்கவாட்டு விலகல். முன் சக்கரம் ஸ்டீரிங் கோட்டிலிருந்து ஒரு பக்கம் விலகியிருந்தால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஹேண்டில் இழுக்கும். இழுப்பின் அளவு, பிரேக் விசையை விலகலால் பெருக்கியது. டிரம் பிரேக்கில் தெரியாத குறை, வலுவான டிஸ்க் பிரேக்கில் பெரிதாகும். பாதுகாப்புக்கென்று போட்ட பாகமே மழைச் சாலையில் நம்மைத் தள்ளிவிடலாம்.

"கையை விட்டு ஓட்டினேன், நேராகப் போகிறது" என்பார்கள் சிலர். இது சோதனையே அல்ல. வெஸ்பாவின் எஞ்சின் வலப்பக்கம் இருப்பதால், சரியான வண்டியும் கையை விட்டால் ஒரு பக்கம் சாயும்.

அளப்பது கடினமல்ல. பின் டயரின் இரு பக்கமும் நேரான அலுமினியச் சட்டங்களை ஒட்டி முன்னே நீட்டுங்கள். முன் டயரின் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் இடைவெளி ஒன்றாகும்வரை ஹேண்டிலைத் திருப்புங்கள். பிறகு இடமும் வலமும் அளந்து பாருங்கள். இடம் 22, வலம் 12 மில்லிமீட்டர் என்றால் விலகல் 5 மில்லிமீட்டர். உடனே ஃபோர்க்கைக் குறை சொல்ல வேண்டாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்திருந்தாலும், சட்டகம் முன்பே அடிபட்டிருந்தாலும் இதே விலகல் வரும். ஆகவே பழைய ஃபோர்க் இருக்கும்போதே ஒருமுறை அளந்து எழுதி வைப்பது நல்லது.

விலகலைச் சரிசெய்யத் தண்டை வெட்டி வெல்டிங் செய்வதை நான் ஏற்கமாட்டேன். பிரேக் விசை முழுவதும் அந்தத் தண்டில்தான் இறங்குகிறது. தவிர, வாகனத்தின் அமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் வேண்டும்.

பட்டறையில் பணம் கொடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள் எங்கே? எழுதிக் கொடுக்கிற பட்டறையை நம்புங்கள்.