வயலுக்குள் இறங்கிப் பேசட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விவசாய உத்தியோகத்தர்களுக்குத் தலைமைத்துவமும் தொடர்பாடல் திறனும் கட்டாயம் பயிற்றப்பட வேண்டும் எனத் தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

கடந்த காலபோகத்தில் எங்கள் வயல்களில் கபில நிறத் தத்தி விழுந்து, பயிர் வட்டம் வட்டமாகக் கருகியது. இதுபற்றி வகுப்பெடுக்க வந்த உத்தியோகத்தர் திரையில் இருந்ததை வாசித்துவிட்டுப் போனார். கமக்காரர்கள் நேரே கிருமிநாசினிக் கடைக்குப் போய், வாங்கிய மருந்தை இலைக்கு மேலால் அடித்தார்கள். பலனில்லை. பிறகு வந்த இளம் போதனாசிரியை ஒருவர் வயலுக்குள் இறங்கி, நெல்லை இரு கையாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டில் அப்பியிருந்த தத்திகளைக் காட்டினார். "ஐயா, யூரியாவைக் கூட்டிப் போட்டதும் நெருக்கி விதைச்சதும்தான் இதுக்கு வாசி. முதல்ல தண்ணியை வடிச்சு விடுங்கோ" என்றார். அன்றே வரம்பை வெட்டிவிட்டோம்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அது தளர்த்தப்படும் வரை, கமக்காரரின் கோபத்துக்கு நேரில் முகங்கொடுத்தவர்களும் இத்தகைய உத்தியோகத்தர்களே. அதற்கான பயிற்சி அவர்களுக்கு வேண்டாமா?

அறிவியல்நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்தின் இறுதியாண்டு மாணவர்கள் ஒரு போகம் முழுவதும் ஒரு கமக்காரர் அமைப்போடு நின்று, அதன் கூட்டங்களைத் தாமே நடத்தட்டும். அவர்களுக்குப் புள்ளியிடுவதில் கமக்காரருக்கும் பங்கு வேண்டும். காட்டோரக் கிராமங்களில் எல்லைக்கல் நடும் வன உத்தியோகத்தர்களுக்கும், மக்களோடு தமிழில் பேசிப் பழகும் பயிற்சி அவசியம். உரியவர்கள் இப்பயிற்சிகளை வருகிற போகத்திலேயே தொடங்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

கமக்காரர் ஒருவர்,
பரந்தன்.